திருகோணமலையிலிருந்து கித்துல்கலவுக்கு ராஃப்டிங் போக: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சித்திரை லீவு கிட்ட வந்தால் உப்புவெளி, கிண்ணியா, மூதூர் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் ஒரே கேள்விகள்தான். வான் பிடித்துக் கண்டிக்குப் போகிறோம், அப்படியே ராஃப்டிங்கும் செய்யலாமா, என்ன உடுப்பு, சின்னாக்களைக் கூட்டிப் போகலாமா. ராஃப்டிங் என்றால் காற்றடைத்த ரப்பர் படகில் துடுப்பு வலித்துக்கொண்டு, பாறைக்கிடையில் பாயும் ஆற்றில் இறங்கிப் போவது. ஆளாளுக்குத் தனித்தனியாகச் சொல்வதை விட ஒரே இடத்தில் எழுதிவிடலாம். கடலோரத்தில் வளர்ந்த எங்கள் ஆட்களை மனதில் வைத்து எழுதியது.

ராஃப்டிங் எங்கே? கண்டியிலேயே இருக்கிறதா?

கண்டி நகரத்துக்குள் இல்லை. இலங்கையில் ராஃப்டிங் என்று சொன்னால் பெரும்பாலும் கித்துல்கலதான். கேகாலை மாவட்டத்தில், அவிசாவளையிலிருந்து ஹட்டன், நுவரெலியா போகும் ஏ7 வீதியோரம், களனி கங்கையில் நடக்கிறது. கண்டியிலிருந்து கம்பளை, நாவலப்பிட்டி, கினிகத்தேனை வழியாக இறங்க வேண்டும். தூரம் பெரிதில்லை, ஆனால் வளைவு வளைவான மலைப்பாதை, அதனால் இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள்.

மகாவலி எங்கள் ஊரில்தானே கடலில் விழுகிறது, அதில் செய்ய முடியாதா?

நல்ல கேள்வி, நிறையப் பேர் கேட்கிறார்கள். ராஃப்டிங்குக்கு வேண்டியது தண்ணீர் மட்டுமில்லை, சரிவும் பாறையும். மகாவலி 335 கிலோமீற்றர் ஓடி, பொல்கொல்ல, விக்டோரியா, ரந்தெனிகல, ரந்தெம்பே என்று அணை அணையாக நின்று, கொட்டியாரக் குடாவுக்கு வரும்போது சமதரையில் மெதுவாக நகர்கிற ஆறாகிவிடும். வெருகல் பக்கம் படகில் போனால் அலை இருக்காது, முதலை இருக்கும்.

எத்தனை கிலோமீற்றர், எவ்வளவு நேரம், எவ்வளவு பயம்?

வழக்கமான ஓட்டம் கிட்டத்தட்ட 5 கிலோமீற்றர். தண்ணீரில் ஒரு மணித்தியாலம், கொஞ்சம் கூடக்குறைய. அதற்கு முன் உடுப்பு மாற்றுவது, பயிற்சி, வானில் ஆற்றின் மேல்பக்கத்துக்குக் கூட்டிப் போவது எல்லாம் சேர்ந்தால் அரை நாள் போய்விடும். ஆற்றின் கடினத்தை 1 முதல் 6 வரை தரம் பிரிப்பார்கள். 1 என்றால் குளம் மாதிரி, 6 என்றால் மனிதர் போகக்கூடாது. கித்துல்கலவின் வழக்கமான பகுதி 2, 3. முதல் தடவை போகிறவருக்கு அதுவே தாராளம். பெரிய மழை நாட்களில் அதே இடம் 4 வரை ஏறும். ஆற்றின் ஒவ்வொரு கொந்தளிப்புக்கும் படகை நடத்தும் கைட்மார் பெயர் வைத்திருக்கிறார்கள், பட்டர் கிரஞ்ச், ஹெட் சாப்பர், கில்லர் ஃபோல் என்று. பெயரைக் கேட்டுப் பயப்பட வேண்டாம், பெயர்தான் அதில் பாதிப் பயம்.

எந்த மாதம் போவது நல்லது?

இதைக் காற்றை வைத்து யோசித்தால் எங்கள் ஆட்களுக்குச் சுலபமாக விளங்கும். மே மாதத்திலிருந்து செப்டெம்பர் வரை ஊரில் கச்சான் காற்று அடிக்கும், வெயில் கொளுத்தும், நிலாவெளியில் கடல் கண்ணாடி போல இருக்கும், புறாத்தீவுக்கு ஆட்கள் வரிசையாகப் போவார்கள். அந்தக் காற்று எங்களிடம் காய்ந்து வருவதற்குக் காரணமே, அது தென்மேற்கிலிருந்து ஈரத்தோடு ஏறி, மலையின் அந்தப் பக்கத்தில் எல்லாவற்றையும் கொட்டிவிட்டு வருவதுதான். கொட்டுகிற இடங்களில் கித்துல்கலவும் ஒன்று. வருடத்துக்கு 3000 மில்லிமீற்றருக்கு மேல் மழை விழுகிற ஈரவலயம் அது. ஆகவே எங்களுக்குக் கச்சான் கடுமையாக வீசும் நாட்களில் அங்கே ஆறு பெரிதாக இருக்கும்.

பழகியவர்கள் அந்த மாதங்களைத்தான் விரும்புவார்கள். முதல் தடவை, குடும்பத்தோடு என்றால் ஜனவரியிலிருந்து ஏப்ரல் நடுப்பகுதி வரை நல்லது. ஜனவரியில் ஊரில் வாடைக்காற்றும் மழையும் இருந்தால், அதே காரணத்தால் அங்கே ஓரளவு வெயில் இருக்கும். ஒக்டோபர், நவம்பரில் பின்னேரம் இடிமழை வரும், காலை ஓட்டத்தைப் பிடியுங்கள்.

மழை இல்லாவிட்டால் ஆற்றில் தண்ணீர் இருக்குமா?

இருக்கும், ஆனால் வானத்தை மட்டும் பார்த்துச் சொல்ல முடியாது. மேலே காசல்ரீ, மவுஸ்ஸாக்கலை நீர்த்தேக்கங்களிலிருந்து வரும் தண்ணீர் நோர்ட்டன், கெனியன், லக்ஷபான, பொல்பிட்டிய என்று வரிசையாக மின்நிலையங்களைச் சுற்றிவிட்டுத்தான் கீழே வருகிறது. இப்போது 35 மெகாவாற் பிராட்லண்ட்ஸ் நிலையமும் சேர்ந்திருக்கிறது. மின்பிறப்பாக்கி ஓடினால் ஆறு ஏறும், நிறுத்தினால் இறங்கும். அதனால் பதிவு செய்யும்போது எத்தனை மணிக்கு வரலாம் என்று கேட்காதீர்கள், எத்தனை மணிக்குத் தண்ணீர் நன்றாக இருக்கும் என்று கேளுங்கள். சரியான ஆளாக இருந்தால் நேரத்தோடு பதில் சொல்வார். எப்ப வேண்டுமானாலும் வாங்கோ என்று சொல்கிறவர் உங்கள் காசைத்தான் பார்க்கிறார்.

நான் சின்ன வயதிலிருந்து கடலில் நீந்துகிறவன். எனக்கு எதற்கு லைஃப் ஜக்கெட்?

இந்தக் கேள்விக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன். எங்கள் பொடியன்மாரிடம் உள்ள ஆபத்து பயமில்லை, தைரியம். மாபிள் பீச்சிலும் டச் பேயிலும் பழகிய நீச்சல் ஆற்றில் பாதிதான் உதவும்.

முதலாவது, உப்புத் தண்ணீர் உடம்பைத் தூக்கும், நன்னீர் அவ்வளவு தூக்காது. நுரை பொங்கும் இடத்தில் தண்ணீரோடு காற்று கலந்திருப்பதால் இன்னும் தூக்காது, நீங்கள் எவ்வளவு கை கால் அடித்தாலும் சரி. இரண்டாவது, கடல் அலை வந்து போகும், இடையில் மூச்சு வாங்க நேரம் தரும். ஆறு ஒரே பக்கமாக, நிறுத்தாமல் தள்ளும். மூன்றாவதுதான் மிக முக்கியம். கடலில் களைத்தால் காலை ஊன்றி நிற்கப் பார்ப்போம். ஓடும் ஆற்றில் ஒருபோதும் எழுந்து நிற்கக்கூடாது. இடுப்பளவு தண்ணீர்தானே என்று காலை வைத்தால் பாதம் இரண்டு பாறைக்கு இடையில் இறுகும், பின்னாலிருந்து வரும் வேகம் உங்களை முன்னுக்குக் குப்புறத் தள்ளும், அதற்கு மேல் தலை தண்ணீருக்கு வெளியே வராது. நீச்சல் வீரரும் அப்படித்தான் போகிறார்.

ஆகவே லைஃப் ஜக்கெட் எல்லோருக்கும். போட்ட பிறகு தோள் பட்டியை வேறொருவர் மேல்நோக்கி இழுத்துப் பார்க்கட்டும். அது காது வரை ஏறினால் தளர்வு, இறுக்குங்கள். மூச்சு கொஞ்சம் அடைப்பது போல இருந்தால்தான் சரி.

எனக்கு நீச்சலே தெரியாது. வரலாமா?

தரம் 2, 3 என்றால் வரலாம். உண்மையைச் சொன்னால், நீச்சல் தெரியாதவர் கைட் சொல்வதைக் கேட்பார், நீச்சல் தெரிந்தவர் கேட்க மாட்டார். ஆனால் கைட்டிடம் முதலே சொல்லிவிடுங்கள், வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்களைத் தனக்குக் கிட்ட, பின்வரிசையில் இருத்துவார். தண்ணீர் முகத்தில் பட்டாலே பதறுகிறவர் என்றால் முதலில் உப்புவெளிக் கரையில் ஜக்கெட் போட்டு மிதந்து பழகிவிட்டுப் போங்கள்.

படகிலிருந்து விழுந்தால்?

விழலாம், அது நடக்கிற விஷயம்தான். மல்லாந்து படுங்கள், கால் ஆறு போகும் பக்கம், பாதங்களை விரல் நுனி தெரியும்படி மேலே தூக்குங்கள். பாறை வந்தால் காலால் தட்டி விலகலாம், தலையால் தட்ட முடியாது. படகு கிட்ட இருந்தால் சுற்றியிருக்கும் கயிற்றைப் பிடியுங்கள், ஆனால் படகுக்கும் பாறைக்கும் இடையில் ஒருபோதும் போகாதீர்கள், தண்ணீர் நிரம்பிய படகின் பாரம் நெஞ்சில் ஏறும். கரையிலிருந்து கயிறு எறிந்தால் கயிற்றை நெஞ்சோடு பிடித்து மல்லாந்தபடி இருங்கள், கையில் சுற்றவே கூடாது. பெரிய பாறையின் பின்பக்கம் தண்ணீர் அமைதியாகச் சுழன்றுகொண்டிருக்கும், அங்கே ஒதுங்கினால் ஆறுதல். ஆற்றுக்குள் விழுந்து கிடக்கும் மரத்தைக் கண்டால் மட்டும் படுத்திருக்காமல் உயிரைக் கொடுத்து விலகி நீந்துங்கள். கிளைகளுக்குள்ளால் தண்ணீர் போகும், ஆள் போகமாட்டார்.

கைட் தமிழில் சொல்வாரா?

பெரும்பாலும் சிங்களமும் ஆங்கிலமும்தான். எட்டியாந்தோட்டை, கினிகத்தேனைப் பக்கத் தோட்டங்களில் மலையகத் தமிழர் நிறைய இருப்பதால் தமிழ் கதைக்கிற கைட் கிடைப்பதும் உண்டு. பதிவு செய்யும்போதே கேட்டுப் பாருங்கள். கிடைக்காவிட்டால் கட்டளைகள் அஞ்சாறு சொற்கள்தான்: ஃபோவர்ட் என்றால் முன்னுக்கு வலிக்க, பேக் என்றால் பின்னுக்கு, ஸ்டொப் என்றால் துடுப்பைத் தூக்கிக்கொண்டு சும்மா இருக்க, ஹோல்ட் ஒன் என்றால் கயிற்றைப் பிடிக்க, கெட் டவுன் என்றால் படகுக்குள் இறங்கிக் குந்த. வானில் போகும்போதே எல்லோருக்கும் சொல்லிக் கொடுங்கள். சித்தி, மாமியைக் கட்டாயம் கேட்டுப் பாருங்கள், அவர்கள் தலையாட்டினால் விளங்கிவிட்டது என்று அர்த்தமில்லை. ஆற்றுச் சத்தத்தில் மொழிபெயர்க்க நேரம் இருக்காது.

துடுப்புப் பிடிக்க ஏதும் பழக்கம் வேண்டுமா?

வேண்டாம். ஒரு விஷயம் மட்டும்: துடுப்பின் மேல் முனையில் உள்ள பிடியிலிருந்து கையை எடுக்காதீர்கள். எடுத்தால் அது பக்கத்து ஆளின் பல்லுக்குத்தான் போகும்.

எந்தக் கம்பனியோடு போவது?

பெயர் சொல்லப் போவதில்லை, வருடத்துக்கு வருடம் ஆட்களும் படகுகளும் மாறுகின்றன. எப்படித் தெரிவு செய்வது என்று சொல்கிறேன். இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபையில் பதிவு இருக்கிறதா என்று கேளுங்கள். ஒரு படகில் எத்தனை பேர், கைட் எத்தனை வருடமாக இந்த ஆற்றில் ஓட்டுகிறார், எறிகயிறும் முதலுதவிப் பெட்டியும் படகிலேயே போகிறதா, தனிப் படகாக விடுவார்களா, இல்லை இரண்டு மூன்று படகு சேர்ந்து போகுமா. தனிப் படகு எனக்குப் பிடிக்காது, ஒன்று கவிழ்ந்தால் தூக்க இன்னொன்று வேண்டும்.

அப்புறம் கடைசியாக இதைக் கேளுங்கள்: தண்ணீர் கூடிவிட்டால் ரத்து செய்வீர்களா, செய்தால் காசு திரும்பி வருமா? இதற்கு வருகிற பதில்தான் எனக்கு மற்ற எல்லாவற்றையும் விடப் பெரிது. ரத்து செய்ததே இல்லை என்று பெருமையாகச் சொன்னால் போனை வைத்துவிட்டு அடுத்த நம்பரை எடுங்கள்.

போய் இறங்கியதும் ஹெல்மட்டையும் பாருங்கள். தாடைப் பட்டி உடைந்த ஹெல்மட்டைத் தந்தால் மாற்றித் தரச் சொல்லுங்கள். சண்டை பிடிக்கத் தேவையில்லை, கேட்டால் தருவார்கள்.

விலை எவ்வளவு?

எழுதிய அடுத்த மாதமே பழசாகிவிடும், அதனால் எழுதவில்லை. உள்ளூர் ஆட்களுக்கு வேறு விலை, வெளிநாட்டவருக்கு வேறு. கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்த சொந்தக்காரர் கூட வந்தால் அதை முதலே சொல்லிப் பேசுங்கள். சொன்ன விலைக்குள் சாப்பாடு, உடுப்பு மாற்றும் அறை, மேலே கூட்டிப் போகும் வாகனம், காப்புறுதி எல்லாம் அடங்குமா என்றும் கேளுங்கள். குளிர்ந்த தண்ணீரில் ஒரு மணித்தியாலம் உங்களை இழுத்துக்கொண்டு வந்த கைட்டுக்குக் கையில் கொஞ்சம் கொடுப்பது மரியாதை.

என்ன உடுப்பது?

ஈரமானால் பாரமாகாத உடுப்பு. நைலோன் கட்டைக் காற்சட்டை, கிட்டப் பிடிக்கும் ரீசேர்ட். ஜீன்ஸ் வேண்டாம், சாரம் கட்டாயம் வேண்டாம். காலுக்குப் பின்பட்டி உள்ள செருப்பு அல்லது பழைய கன்வஸ் சப்பாத்து. பாட்டா சிலிப்பர் முதல் அலையிலேயே கொழும்புக்குப் போய்விடும். கண்ணாடி போடுகிறவர்கள் பின்னால் ஒரு நூல் கட்டுங்கள். மாற்றுடுப்பும் துவாயும் வானில் இருக்கட்டும்.

பெண்கள்?

தாராளமாக. லெகிங்ஸ், நீளக்கை ரீசேர்ட் போதும். சல்வாருக்கு மேல் ஷால், அபாயா, நீளப் பாவாடை எதுவும் படகுக்குள் வேண்டாம், காலில் சுற்றும், மரத்தில் மாட்டும். ஹிஜாப் அணிகிறவர்கள் ஊசி குத்தாத, தலையோடு ஒட்டும் விளையாட்டு ஹிஜாப்பைப் போட்டால் அதன் மேல் ஹெல்மட் நன்றாக இருக்கும். புர்கினியும் நல்லதுதான். தாலிக்கொடியைக் கழற்ற மனமில்லாதவர்கள் ரீசேர்ட்டுக்குள் விட்டு மேலே ஜக்கெட்டை இறுக்குங்கள். காப்பு, சங்கிலி, தொங்கு தோடு வானில் இருக்கட்டும். பெண்களுக்குத் தனிப் படகு வேண்டுமென்றால் ஆறு பேருக்கு மேல் இருந்தால் பெரும்பாலும் ஒழுங்கு செய்வார்கள்.

சின்னாக்கள், வயதானவர்கள்?

பத்து வயதுக்குக் கீழே வேண்டாம். வயதை விட, ஜக்கெட்டும் ஹெல்மட்டும் அளவாக இருக்கிறதா என்பது முக்கியம். பெரிய ஜக்கெட்டுக்குள்ளால் பிள்ளை வழுக்கிப் போகும். கர்ப்பிணிகள், இதய நோய், வலிப்பு உள்ளவர்கள், அண்மையில் சத்திரசிகிச்சை செய்தவர்கள், தோள்மூட்டு அடிக்கடி விலகுகிறவர்கள் கரையில் இருக்கட்டும். வீதி ஆற்றோரமாகவே போவதால் பல இடங்களில் நின்று பார்க்கலாம்.

வானில் ஒரு போத்தல் எடுத்துவிட்டு...

இல்லை. திரும்பிப் போகும்போதும் சாரதிக்கு இல்லை.

எப்படிப் போவது?

வானில் என்றால் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை, கண்டி, பிறகு மேலே சொன்ன நாவலப்பிட்டி வழி. கண்டிக்குள் போகாமல் ஹபரணையிலிருந்து குருநாகல், வரக்காப்பொல, ருவன்வெல்ல, எட்டியாந்தோட்டை என்று ஏ6 பக்கமாகவும் போகலாம், வளைவு குறைவு, வாந்தி எடுக்கிற ஆட்கள் இருந்தால் இதுதான் வழி. எப்படிப் போனாலும் ஆறு மணித்தியாலத்துக்குக் குறையாது. நடுச்சாமத்தில் வெளிக்கிடும் பழக்கம் எங்கள் வான்காரருக்கு உண்டு. கந்தளாய்க்கும் ஹபரணைக்கும் இடையில் இருட்டில் யானை வீதியில் நிற்கும், வேகத்தைக் குறைக்கச் சொல்லுங்கள்.

பஸ்ஸில் என்றால் திருகோணமலை–கண்டி நேரடி பஸ், கண்டியிலிருந்து நாவலப்பிட்டி, அங்கிருந்து கினிகத்தேனை, பிறகு ஹட்டனிலிருந்து கொழும்புக்குப் போகும் எந்த பஸ்ஸிலும் ஏறி கித்துல்கலவில் இறங்கலாம். பை குறைவாக இருந்தால் நல்ல பயணம்.

ஒரே நாளில் போய் வரலாமா?

போகலாம், ஆனால் எதற்கு? இரவெல்லாம் நித்திரை இல்லாமல் வந்து ஆற்றில் இறங்குவது புத்தியில்லை. முதல் நாள் கண்டியில் தங்கி, அடுத்த நாள் அதிகாலை வெளிக்கிட்டு, பத்து மணியளவில் ஆற்றுக்குப் போங்கள். இல்லையென்றால் கித்துல்கலவிலேயே தங்குங்கள். சனி, ஞாயிறில் கொழும்பு அலுவலகக் கூட்டங்கள் வந்து குவியும், கிழமை நாட்களில் போனால் அமைதியும் பேரம் பேச இடமும் கிடைக்கும்.

போகிற நாளில் பலத்த மழை என்றால்?

இரண்டு பயம். ஒன்று ஆறு. தண்ணீர் தேயிலைச் சாயம் போலக் கலங்கி, மரக்கட்டைகள் மிதந்து வந்தால் இறங்க வேண்டாம், கைட் சரி என்று சொன்னாலும். மேலே வான்கதவு திறக்கிறார்கள் என்று செய்தி வந்தாலும் அப்படித்தான். மற்றது மலை. 2016 மே மாதம் அரநாயக்கவில் மண்சரிந்ததும் இதே கேகாலை மாவட்டத்தில்தான். தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் மாவட்ட வாரியாக மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும், வெளிக்கிட முன் பாருங்கள். எச்சரிக்கை இருந்தால் கண்டியில் நின்று தலதா மாளிகையையும் பேராதனைத் தோட்டத்தையும் பார்த்துவிட்டு வாருங்கள், ஆறு எங்கேயும் போகாது.

அங்கே வேறென்ன?

ஆற்றுக்கு அந்தப் பக்கம் மழைக்காடு. அதோடு பெலிலேன என்ற ஆதிமனிதர் வாழ்ந்த குகை, ஓடையில் வழுக்கி விளையாடும் இடங்கள். காட்டுக்குள் போனால் அட்டை கடிக்கும், சவர்க்காரத்தைக் காலில் தேய்த்துக்கொள்ளுங்கள். வாங்குவதென்றால் கித்துள் பாணி. திரும்பி வரும் வழியில் கந்தளாயில் தயிர்ச்சட்டி வாங்கினால் கணக்குச் சரி.

போய் வந்த பிறகு கவனிக்க ஏதும் உண்டா?

உண்டு, இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எலிக்காய்ச்சல். சப்ரகமுவப் பக்கம் அது இருக்கிற இடம், கிருமி வெள்ளத்திலும் ஈரமண்ணிலும் இருந்து தோலில் உள்ள காயத்தால் உள்ளே போகும். காலில் புண் இருந்தால் நன்றாக மூடுங்கள், அல்லது பயணத்தைத் தள்ளிப் போடுங்கள். வந்து ஒன்றிரண்டு கிழமைக்குள் காய்ச்சல், கெண்டைக்கால் தசைநோ, கண் சிவத்தல் வந்தால் பனடோலோடு வீட்டில் கிடக்காமல் வைத்தியரிடம் போய், ஆற்றில் குளித்தேன் என்று நீங்களே சொல்லுங்கள். ஊரில் டெங்கு என்றுதான் முதலில் யோசிப்பார்கள்.

அவசரத்துக்கு?

அம்புலன்ஸ் 1990, காசில்லை. அனர்த்த முகாமைத்துவ நிலையம் 117. கிட்டிய பெரிய ஆஸ்பத்திரிகளில் ஒன்று கரவனல்ல ஆதார வைத்தியசாலை. போனை ஆற்றுக்குள் கொண்டு போகாதீர்கள், வான் சாரதியிடம் கொடுத்து, இந்த நம்பர்களையும் கைட்டின் நம்பரையும் அவருடைய போனில் போட்டுவிட்டு, இறங்கும் இடத்தில் நிற்கச் சொல்லுங்கள்.